ஜெர்மனி போகிறீர்களா? எந்த வேலைக்கு எந்த அரசு என்று தெரிந்துகொண்டு போங்கள்

லீவுக்குக் குன்னூர் வரும்போதெல்லாம், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கும் படிக்கவும் கிளம்புகிற பிள்ளைகள் என்னிடம் ஸ்வெட்டர் பற்றித்தான் கேட்கிறார்கள். நீலகிரிக்காரர்களுக்குக் குளிர் பெரிய விஷயமில்லை. அங்கே அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால்தான் அலைச்சல்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் ஒன்றிய அரசுடையது, அதே மலைக்கு வரும் அரசு பஸ் மாநிலத்துடையது, குப்பை அள்ளுவது நகராட்சி. ரயில் வரவில்லை என்று நகராட்சியில் போய் யாரும் கேட்பதில்லை, இல்லையா? அங்கேயும் மத்திய அரசு, 16 மாநிலங்கள், ஊர் நிர்வாகம் என்று அடுக்குகள் உண்டு. பள்ளிக்கல்வி அங்கே மாநிலத்தின் கையில். இங்கே 1976-லேயே கல்வி பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது. அங்கே மாநிலம் மாறினால் பாடத்திட்டமும் கோடை விடுமுறையும் மாறும், அதனால் குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு மாநிலத்தில் வேலைக்குச் சரி சொல்வதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

வீட்டுக்குக் குடிபோன 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். சட்டம் மத்திய அரசுடையது, போய் நிற்க வேண்டியது ஊர் அலுவலகத்தில். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கொண்டுபோன என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம், மாநிலங்களின் அவையான புண்டஸ்ராட். நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறார்கள். அங்கே மாநில அரசின் ஆட்களே, முதல்வர், மந்திரிகள் உட்பட, போய் உட்காருகிறார்கள். மாநிலத்துக்கு 3 முதல் 6 ஓட்டு, மொத்தம் 69, ஒரு மாநிலத்தின் ஓட்டைப் பிரித்துப் போட முடியாது. மாநிலங்களைத் தொடும் பல சட்டங்கள் இவர்கள் சம்மதமில்லாமல் நிறைவேறாது. மாநில உரிமை பேசி வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும், எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடும்கூட.

குடியுரிமை வாங்கும்வரை நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டசபைக்கோ நீங்கள் ஓட்டுப் போட முடியாது. ஆனால் தொழிற்சங்கத்தில் சேரலாம், வேலை செய்யும் இடத்தில் ஊழியர் குழு இருந்தால் அதன் தேர்தலில் ஓட்டும் போடலாம். 1949-இல் வந்த அவர்களுடைய அரசியல் சட்டம் மனித மாண்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மானியரின் மாண்பு என்று எழுதவில்லை, மனிதரின் மாண்பு என்றுதான் இருக்கிறது, அந்தக் கொள்கையை எவ்வளவு பெரிய பெரும்பான்மை வந்தாலும் திருத்த முடியாது. அது உங்களுக்கும் சேர்த்துத்தான். வார்டில் யாராவது நிறத்தைச் சொல்லிப் பேசினால் பொறுத்துப் போகாதீர்கள், தேதி, நேரம், பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாம் அன்றைக்கே எழுதிவைத்து ஊழியர் குழுவிடம் கொண்டுபோங்கள்.