நோட்டரியிடம் கையெழுத்துச் சான்று வாங்குவது எப்படி

முதலில் ஒன்று, வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஊட்டிக்கோ கூடலூருக்கோ பஸ் ஏறாதீர்கள். 'இவர் என் முன்னால் கையெழுத்திட்டார்' என்பதுதான் நோட்டரி தரும் சான்றே, அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, அசல் அடையாள அட்டையோடு நேரில் போங்கள். மழையில் மசினகுடியிலிருந்து அவ்வளவு தூரம் போய் ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் வீண் அலைச்சல்.

அவர் அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், பிரமாணப் பத்திரம் என்றால் உறுதிமொழி எடுக்கச் சொல்வார், அப்புறம்தான் கையெழுத்து. படிக்காமல் போடாதீர்கள், டைப் செய்தவர் அப்பா பெயரில் ஒரு எழுத்தை விழுங்கியிருப்பார். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்தில் சுருக்கொப்பம்.

பிறகு நோட்டரி தேதியோடு ஒப்பமிட்டு, வட்ட முத்திரை குத்தி, நோட்டரி ஸ்டாம்ப் ஒட்டுவார். 1956-ஆம் ஆண்டு நோட்டரி விதிகள்படி அவர் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். அதன் வரிசை எண் உங்கள் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். பதிவேட்டைத் திறக்காமல் முத்திரை மட்டும் குத்தித் தருபவரிடம் நான் போகமாட்டேன்.

தேயிலைத் தோட்டத்தை விற்கும் கிரயப் பத்திரமா? அதற்கு நோட்டரி முத்திரை போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.