நான்கு எஸ்எஸ்டி செருகியும் ஒன்றுதான் தெரிகிறதா?

ஒர்க்ஸ்டேஷனில் என்விஎம்இ எஸ்எஸ்டிகளை (பிசிஐஇ இணைப்பில் இயங்கும் வேகமான சேமிப்பு டிரைவ்களை) பொருத்துவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

நான்கு எம்.2 எஸ்எஸ்டிகளை (சிறு பட்டை வடிவில் இருப்பவை) தாங்கும் மலிவான விரிவாக்க அட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் மூளை என்று எதுவும் இல்லை. வெறும் கம்பித் தடங்கள்தான். ஸ்லாட்டின் 16 பிசிஐஇ லேன்களை, அதாவது தரவுப் பாதைகளை, நான்கு நான்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டியது மதர்போர்டு. பைஃபர்கேஷன் என்னும் அந்த அமைப்பை பயாஸில் 4+4+4+4 என்று மாற்றாவிட்டால் முதல் எஸ்எஸ்டி மட்டும் தெரியும். மற்ற மூன்றும் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஸ்லாட் பார்வைக்கு நீளமாக இருந்தும் உள்ளே 8 லேன்களே இணைக்கப்பட்டிருந்தால், எப்படி மாற்றினாலும் இரண்டுக்கு மேல் தெரியாது. பைஃபர்கேஷன் வசதியே இல்லாத போர்டுக்கு லேன்களைத் தானே பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்விட்ச் சில்லு உள்ள அட்டை வேண்டும். அதன் விலையைக் கேட்டபின் போர்டையே மாற்றிவிடலாமா என்று தோன்றும்.

அடுத்தது, எல்லா எம்.2 ஸ்லாட்டும் ஒன்றே என்ற நம்பிக்கை. ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் சிப்செட் என்னும் துணைச் சில்லிலிருந்து சிபியூவுக்குச் செல்லும் பாதை நான்கு ஜென் 4 (பிசிஐஇயின் நான்காம் தலைமுறை) லேன்கள்தான். வினாடிக்குச் சுமார் 8 ஜிபி. சிப்செட்டைச் சார்ந்த இரண்டு ஸ்லாட்டுகளில் வேகமான எஸ்எஸ்டிகளைப் போட்டு ரெய்டு 0 (வேகத்துக்காகத் தரவை இரண்டிலும் பிரித்து எழுதும் முறை) அமைத்தாலும் அந்தப் பாதையைத் தாண்ட முடியாது. சிப்செட்டைச் சார்ந்த யுஎஸ்பியும் நெட்வொர்க்கும் அதே வழியில்தான் போகின்றன. எந்த ஸ்லாட் சிபியூவோடு நேரடியாக இணைகிறது, எதை நிரப்பினால் எந்த சாட்டா போர்ட் அணைந்துபோகும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கும். வாங்கும் முன்பே படியுங்கள்.

யு.2 எஸ்எஸ்டிகளில் (கேபிள் வழியாகவும் இணைக்கக்கூடிய சர்வர் வகை டிரைவ்கள்) சிக்கல் கேபிளில் ஒளிந்திருக்கும். ஜென் 3 காலத்து நீளமான கேபிளை ஜென் 4 எஸ்எஸ்டிக்குப் போட்டால், டிரைவ் தெரியும், கோப்பும் நகரும். இணைப்பு மட்டும் சத்தமின்றி ஜென் 3-க்கு இறங்கியிருக்கலாம். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் இணைப்பு நிலையைப் பாருங்கள்: ஜென் 4 என்றால் வேகம் 16 ஜிடி (ஒரு லேனில் வினாடிக்கு கிகாடிரான்ஸ்ஃபர்) இருக்க வேண்டும். 8 என்று காட்டினால் முதல் சந்தேகம் கேபிள் மீது விழட்டும்.

ஹீட்சிங்க்கின் தெர்மல் பேடில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பதும் சாதாரணம். யு.2 டிரைவ்களோ சர்வர் விசிறிகளின் காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டவை. சில 20 வாட்டுக்கும் மேல் இழுக்கும். அமைதியான கேபினெட்டில் அவற்றுக்கு நேரே ஒரு விசிறி வையுங்கள்.