வெளி எஸ்எஸ்டி நின்று நின்று ஓடிய கதை

டெபியன் கணினியில் யூஎஸ்பி-சாட்டா அடாப்டர் வழியாக மாட்டிய எஸ்எஸ்டி, பெரிய கோப்பை நகலெடுக்கும்போது அரை நிமிடம் உறைந்துவிட்டு மறுபடி ஓடும். கர்னலின் பதிவைக் காட்டும் டிஎம்எஸ்ஜி-யில் யூஏஎஸ் (யூஎஸ்பி வட்டுகளுக்கான வேகமான நெறிமுறை) அபார்ட் வரிகள், அதாவது கட்டளை கைவிடப்பட்டது என்ற செய்திகள், பின்னாலேயே யூஎஸ்பி ரீசெட். அந்த 30 விநாடி, வட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் லினக்ஸின் ஸ்கஸி அடுக்கு ஒரு கட்டளைக்காகக் காத்திருக்கும் வழக்கமான அவகாசம்.

கேபிளை மாற்றினேன், தனி மின்சாரம் உள்ள ஹப் போட்டேன். வட்டின் உடல்நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட் சோதனையும் சுத்தம். பயனில்லை.

அடாப்டரின் சிப் தனக்கு யூஏஎஸ் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும். சுமை ஏறினால் தடுமாறும். இப்படிப்பட்டவற்றுக்கென்றே கர்னலில் விதிவிலக்குப் பட்டியல் உண்டு. என் சிப் அதில் இல்லை. சரி, நாமே சேர்க்கலாம்: எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் தயாரிப்பாளர் எண், சாதன எண், கடைசியில் யூஏஎஸ் வேண்டாம் என்று சொல்லும் சிறிய ‘யூ’ (u) எழுத்து, நடுவே முக்காற்புள்ளிகள். வேடிக்கை என்னவென்றால், ஓடுவது யூஏஎஸ் டிரைவர். விதிவிலக்கைச் சேர்க்கும் இந்தக் குவிர்க்ஸ் அமைப்போ யூஎஸ்பி-ஸ்டோரேஜ் என்ற இன்னொரு டிரைவர் மாட்யூலுடையது. யூஏஎஸ் பெயரில் எழுதினால் பலிக்காது.

மாட்யூல் அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப்.டி கோப்புறையில் எழுதி ரீபூட் செய்த பிறகும் அதே யூஏஎஸ்தான். மாட்யூல் ஏறுவது, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்-இலிருந்து. அதற்குள் இருந்தது பழைய அமைப்பு. அதைப் புதிதாகக் கட்டி ரீபூட் செய்ததும், இந்தச் சாதனத்துக்கு யூஏஎஸ் இல்லை என்ற வரி டிஎம்எஸ்ஜி-யில் வந்தது. அப்பாடா! வேகம் கொஞ்சம் குறைந்தது, நகலெடுப்பு நிற்கவில்லை.

அதே அடாப்டரை இன்னொன்று வாங்கினால் எண்களை மறுபடி பாருங்கள். ஒரே கூட்டுக்குள் வேறு சிப் வைத்தும் விற்கிறார்கள்.