தலைப்பு மாறிய மின்னூல்கள்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்காகச் சென்ற ஆண்டு ஒரு சிறுகதைத் தொகுப்பை மின்னூலாக வாங்கினேன். இரண்டாம் கதையை எட்டியபோதுதான், அதே தொகுப்பை வேறு தலைப்பிலும் வேறு அட்டையிலும் முன்பே வாங்கிப் படித்திருக்கிறேன் என்பது உறைத்தது. வாங்குமுன் நான் பார்த்தது ஐஎஸ்பிஎன் என்னும் சர்வதேச நூல் அடையாள எண்ணைத்தான். எண் வேறாக இருந்ததால் நூலும் வேறென்று நம்பிவிட்டேன்.

அந்த நம்பிக்கைதான் முதல் தவறு. ஐஎஸ்பிஎன் படைப்புக்கு உரிய எண் அன்று, பதிப்புக்கு உரியது. அச்சுநூலுக்கு ஓர் எண், இபப் என்னும் மின்னூல் கோப்பு வடிவத்துக்கு வேறோர் எண் என்பதே விதி. தலைப்பை மாற்றி வெளியிட்டால், உள்ளே ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும், புதிய எண் பெற வேண்டும். எண் வேறாக இருந்தும் பதிப்புகூட மாறாத நிலையும் உண்டு. 2007 ஜனவரியில் பத்து இலக்க எண்கள் பதின்மூன்று இலக்கமாயின. பழைய எண்ணின் முன்னால் 978 சேர்ந்ததோடு, சரிபார்ப்புக்கான கடைசி இலக்கமும் புதிதாகக் கணக்கிடப்பட்டதால், ஒரே பதிப்பின் இரண்டு எண்கள் அயலார் போலத் தோன்றுகின்றன.

கிண்டில் நூல்களில் குழப்பம் இன்னும் கூடும். அங்கே காணப்படும் பத்து இடக் குறியீடு அமேசான் தன் கடைக்காகத் தானே இடுவது. அதை ஐஎஸ்பிஎன் என்று ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் எழுதிவிட்டால், நூலகப் பட்டியலில் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது.

தமிழில் இச்சிக்கல் பெருகுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை எவரும் வெளியிடலாம் என்பதால், ஒரே நூல் பல பதிப்பகங்களின் பெயரில், கூட்டியும் பிரித்தும் விற்பனைக்கு வருகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. அதன் முதல் பாகமான 'புது வெள்ளம்' தனித் தலைப்பில் விற்கப்படும்போது, முழு நாவலும் கையில் இருப்பவர்கூட அதைப் புதியதென்று வாங்கிவிடக்கூடும்.

கணினியில் நூல்களை அடுக்கி வைக்கும் காலிபர் போன்ற மென்பொருளை முழுதாக நம்புவதும் தவறே. அது தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஒப்பிட்டே இரட்டைப் பிரதியை எச்சரிக்கிறது. தலைப்பு மாறியிருந்தால் அந்த எச்சரிக்கை வராது. தலைப்பு ஒன்றே என்பதற்காகப் பழைய கோப்பை அழித்துவிடுவதோ அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் நீங்கள் அழித்தது திருத்தப்படாத முதற்பதிப்பாக இருக்கலாம்.

நூல் வெளியிடும் நண்பர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மலேசியாவில் ஐஎஸ்பிஎன் வழங்குவது கோலாலம்பூரிலுள்ள தேசிய நூலகம். தலைப்பை மாற்றிய மறுபதிப்புக்கு அங்கே புதிய எண் பெறுவதை விட்டுவிட்டுப் பழைய எண்ணையே ஒட்டுவது முறையன்று. புதிய எண் பெற்றவர்களும், முன்பு எந்தத் தலைப்பில் வெளிவந்தது என்பதைப் பதிப்புரிமைப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் ரிங்கிட் மிஞ்சியிருக்கும்.

இப்போதெல்லாம் மாதிரிப் பக்கங்களை இறக்கி, பொருளடக்கத்தையும் முதல் பத்தியையும் என்னிடமுள்ள நூல்களோடு ஒப்பிட்ட பிறகே வாங்குகிறேன். பொருளடக்கத்தில் கதைகளின் வரிசை மாறியிருக்கக்கூடும் என்பதால், முதல் கதையின் தலைப்பை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்வதில்லை.