டர்போ காரில் பூஸ்ட் லீக்: தேடும்போதும் சரிசெய்யும்போதும் நடக்கும் தவறுகள்

பிக்கப் குறைந்துவிட்டது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கரும்புகை கக்குகிறது, மேடு ஏறும்போது எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி இழுக்க மறுக்கிறது. இப்படி ஒரு டீசல் கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் பல இடங்களில் உடனே வரும் பதில், "டர்போ போயிடுச்சு." ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடும் (கோடு) வந்திருந்தால் அதற்குப் பிறகு யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. ஆனால் அந்தக் கோடு சொல்வது ஒன்றுதான்: எஞ்சின் கேட்ட அளவு பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம், வந்து சேரவில்லை. டர்போ காற்றைத் தள்ளவில்லையா, தள்ளிய காற்று வழியிலேயே வெளியே போகிறதா என்று அது சொல்லாது. ஒரு ரப்பர் ஓஸில் இருக்கும் விரிசலுக்காக டர்போவை மாற்றுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மாற்றிய பிறகும் புகை அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

காற்று போகும் வழியை மனதில் வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். ஏர் ஃபில்டர், காற்றை அளக்கும் மாஃப் சென்சார், டர்போவின் வாய், அங்கிருந்து சூடான காற்று போகும் ஓஸ், அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர், திரும்பி வரும் ஓஸ், கடைசியாகக் காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு. டர்போவுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு இணைப்பும் லீக் ஆகக்கூடிய இடம். மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் கார்களை நிறுத்திவிட்டது. இன்று ஓடும் அந்தக் கம்பெனியின் டீசல் கார்களில் ஓஸ் மாற்றாதவை எல்லாவற்றிலும் இருப்பது அதற்கு முந்தைய ரப்பர். வயதும் எஞ்சின் சூடும் எண்ணெயும் சேர்ந்து அதை இளக்கியிருக்கும்.

அடுத்த தவறு, வண்டியை ஐடிலிங்கில் ஓடவிட்டு பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்பது. டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது பூஸ்ட் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. லோடு ஏறினால்தான் அழுத்தம் வரும், அழுத்தம் வந்தால்தான் விரிசல் வாய் திறக்கும். பஞ்சர் கடைக்காரர் டியூபில் காற்று அடித்த பிறகுதான் தண்ணீரில் முக்குகிறார், இதற்கும் அதே வழிதான்.

அதற்காகக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம். மேலே தெரியும் பக்கத்தை மட்டும் பார்த்து 'ஓஸ் நல்லா இருக்கு' என்று சொல்வதுதான் பிரச்சினை. எண்ணெய் தேங்குவது ஓஸின் அடிப்பக்கத்தில், வெடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். கழற்றி, வளைத்து, மடித்துப் பாருங்கள். எலி கடித்த தடயம் இருக்கிறதா என்றும் பாருங்கள், வெளியில் நிற்கும் வண்டிகளில் இது ரொம்ப சகஜம். ஓஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் டர்போ சீல் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவி அங்கே படிவது இயல்பு. ஒரு இணைப்பின் வெளியே ஈரமாக எண்ணெயும் அதன்மேல் தூசியும் ஒட்டியிருந்தால், காற்று அங்கே வெளியேறுகிறது என்று சந்தேகப்படலாம்.

சரி, பிரஷர் டெஸ்ட் எப்படிச் செய்வது? டர்போவின் வாயில் மாட்டியிருக்கும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த அளவுக்குப் பொருந்தும் ஒரு மூடியை மாட்ட வேண்டும். பிவிசி எண்ட் கேப்பில் துளை போட்டு டயர் வால்வு பொருத்தினால் போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், நின்றிருக்க வேண்டும். இங்கேதான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. கம்ப்ரசர் டேங்கில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், அதை ரெகுலேட்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் மூடி தோட்டா மாதிரி பறக்கும். முதலில் 5 பிஎஸ்ஐ, அப்புறம் மெதுவாக 15. டீசல் கார்களுக்குப் பெரும்பாலும் அதற்கு மேல் தேவையில்லை. மூடிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் கிளாம்பைத் தொட வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டி வழியாகக் காற்றைக் கொடுக்கவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் அதற்குச் செய்ததல்ல. மேலும் பிரீதர் குழாய் டர்போவுக்கு முன்னால்தான் சேர்கிறது, அந்த வழியில் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி டிப்ஸ்டிக்கையும் ஆயில் சீலையும் தள்ளிவிடலாம்.

அழுத்தம் ஏறியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். இன்டர்கூலரில் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பை மறக்க வேண்டாம். கல் பட்டும் அதிர்ந்தும் அது விடும், முன் பம்பருக்குப் பின்னால் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. சைலன்சர் வழியாகவோ ஆயில் மூடி வழியாகவோ கொஞ்சம் காற்றுச் சத்தம் கேட்டால் உடனே எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம். ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கும், கிராங்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் சத்தம் மாறும். குழாய்க்குள் புகையைச் செலுத்தி லீக் தேடும் புகை மெஷின் நல்ல கருவிதான், ஆனால் அது மிகக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வது. புகை வரவில்லை என்பதை வைத்து லீக் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

லீக் எங்கும் கிடைக்கவில்லையா? டர்போவின் பூஸ்ட் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் டியூபைப் பாருங்கள். அது காய்ந்து வெடித்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும்.

ஸ்கேனரில் எண்ணைப் படிப்பதிலும் குழப்பம் உண்டு. இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம். 200 கிலோபாஸ்கல் என்றால் சென்னையில் உண்மையான பூஸ்ட் சுமார் 1 பார்தான். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால் சென்னையில் 100 பக்கமும், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77 பக்கமும் காட்ட வேண்டும். அப்படிக் காட்டவில்லை என்றால் சென்சாரையே முதலில் சந்தேகப்படலாம்.

சரிசெய்யும்போது நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது எம்-சீலும் டேப்பும். சூடும் எண்ணெயும் அழுத்தமும் சேர்ந்த இடத்தில் அவை நிற்காது. ஒட்டு உடைந்து உள்ளே போனால் இன்னொரு செலவு. வெடித்த ஓஸை மாற்றுவது ஒன்றுதான் வழி. சிலிக்கான் ஓஸ் போடுவதாக இருந்தால் உள்ளே ஃப்ளோரோசிலிக்கான் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள், சாதாரண சிலிக்கானில் நாளடைவில் எண்ணெய் கசியும். மாட்டும் முன் குழாய் முனையிலும் ஓஸின் உள்பக்கத்திலும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். வழுக்கலோடு மாட்டினால் முதல் மேட்டிலேயே கழன்றுவிடும். கிளாம்ப் குழாயின் விளிம்பு மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். திருகும் சாதாரண கிளாம்பைப் பலம் கொண்டு முறுக்கினால் சிலிக்கானை வெட்டிவிடும், அதற்கு டி-போல்ட் கிளாம்ப் நல்லது. கிளிப் போட்டு அழுத்தும் வகை இணைப்பாக இருந்தால் பெரும்பாலும் போயிருப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்.

லீக்கோடு 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று விடுவதும் தவறுதான். ஆக்சுவேட்டரை இசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்) கட்டுப்படுத்தும் டர்போவாக இருந்தால், காணாமல் போகும் காற்றை ஈடுகட்ட அது டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும். நல்ல டர்போ அப்படித்தான் தேயும். பிஎஸ் 6 டீசலில் கூடுதல் கரி, புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பை அடைக்கும். பெட்ரோல் டர்போவில் மாஃப் அளந்த காற்று வெளியே போனால் கலவையில் பெட்ரோல் அதிகமாகி மைலேஜ் குறையும்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு மேடான சாலையில் மூன்றாவது, நான்காவது கியரில் இழுத்துப் பாருங்கள். இசியு கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒன்றையொன்று ஒட்டிப் போக வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளாம்புகளை ஒருமுறை சரிபாருங்கள், புது ஓஸ் சூட்டில் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.