புகைபோக்கி தெளிவாக இருந்தால் போதுமா? கொதிகலன் அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் ஒரு செம்பனை ஆலைக்குப் போயிருந்தேன். பழைய ஆட்களுக்கு அந்த ஊர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கொதிகலன் பகுதியில் புதிதாகச் சேர்ந்த மூன்று பையன்களுக்கு ஒரு வாரம் பாடம் சொல்ல வேண்டும். மூவரும் படித்தவர்கள், சுறுசுறுப்பானவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் நான் செய்த தவறுகளில் பாதியை மூன்றாவது நாளுக்குள் என் கண்முன்னே செய்து காட்டிவிட்டார்கள். மீதியை வெள்ளிக்கிழமைக்குள் முடித்திருப்பார்கள். குலை வரத்துக் குறைந்து ஆலை நின்றதால் தப்பித்தேன்.

நீர்மட்டக் கண்ணாடியைப் பார்க்காமல் இருப்பது, பாதுகாப்பு வால்வில் கை வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அப்படிச் செய்கிறவனுக்கு ஸ்டீம் டிக்கெட், அதாவது கொதிகலனை இயக்கும் தகுதிச் சான்றிதழ், கொடுத்தவரைத்தான் விசாரிக்க வேண்டும். எதுவும் வெடிக்காமல், யாருக்கும் காயம் படாமல், சத்தமே இல்லாமல் எரிபொருளைத் தின்னும் தவறுகள்தான் என் கவலை.

ஆலைக்குள் போயிராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூறு கிலோ செம்பனைக் குலையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய் கிடைக்கிறது. கூடவே 13 கிலோ நாரும் 6 கிலோ கொட்டை ஓடும் மிஞ்சும். இந்த நாரும் ஓடும்தான் கொதிகலனுக்கு உணவு. 20 பார் அழுத்தத்தில் எழும் ஆவி டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு மின்சாரம் தருகிறது. அங்கிருந்து 3 பார் அழுத்தத்துக்கு இறங்கி, அடுத்து வரும் குலைகளை அவிக்கப் போகிறது. டீசல் ஜெனரேட்டர் ஆலையைக் கிளப்புவதற்கு மட்டுமே. பனை தன் கழிவை எரித்துத் தன்னையே பிழிந்துகொள்ளும் ஏற்பாடு இது. இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. அந்த அழகே ஆளைக் கெடுத்துவிடுகிறது: எரிபொருள் இலவசம் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

புகைபோக்கியைப் பார்த்து நெருப்பை நடத்துவது

மூன்று பையன்களில் துடிப்பானவன் இரண்டாம் நாள் காலையில் என்னை வெளியே அழைத்துப் போனான். "அண்ணே, மேலே பாருங்கள், புகையே இல்லை" என்றான். உண்மைதான். நீல வானத்துக்கு முன்னால் புகைபோக்கி துடைத்து வைத்ததுபோல் நின்றது. உள்ளே வந்து மானியைப் பார்த்தேன். வெளியேறும் வாயுவின் வெப்பம் 280 டிகிரி, அதில் ஆக்சிஜன் 13 விழுக்காடு. எனக்கு வயிறு எரிந்தது. அவன் பாராட்டை எதிர்பார்த்து நின்றான்.

அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரும்புகைக்காக ஒரே மாதத்தில் இரண்டு முறை திட்டு வாங்கினேன். 1978ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள் அப்போதே நடைமுறையில் இருந்தன. புகையின் கருமையை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கரும்புகை என்றால் காற்றுப் போதவில்லை என்று யாரோ சொன்னார்கள். காற்றைக் கூட்டினேன், புகை குறைந்தது. இன்னும் கூட்டினேன், மறைந்தே போனது. அன்றிலிருந்து வேலைக்கு வந்ததும் முதல் காரியமாகக் காற்றுத் தடுப்பை முழுவதும் திறந்துவிடுவேன். மேனேஜர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு எனக்கு ஆறு வாரம் போதையாக இருந்தது.

அந்த ஆறு வாரத்தில் ஆலைக்குப் பின்னால் கூரை உயரத்துக்குக் கிடந்த கொட்டை ஓட்டு மேடு கரைந்து தரையோடு தரையானது. ஒரு திங்கட்கிழமை காலையில் கொதிகலனைக் கிளப்ப ஓடு இல்லை. பக்கத்து ஆலையிலிருந்து இரண்டு லாரி ஓடு கடனாக வந்தது. உப்பளக்காரன் உப்புக் கடன் கேட்ட கதைதான். லாரியை எடை போட்ட கிராணி சீட்டை என் கையில் கொடுத்தபோது எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது.

என்ன நடந்தது என்பதை லயத்து வீட்டு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, அடுப்பே சொல்லும். என் பாட்டி ஊதுகுழலால் மூன்று முறை ஊதுவார், ரப்பர் விறகு பிடித்துக்கொண்டதும் குழலைச் சுவரோரம் சாய்த்துவிடுவார். நான் விளையாட்டாக விடாமல் ஊதினால், "சட்டியைச் சூடாக்கச் சொன்னால் கூரையைச் சூடாக்குகிறாயே" என்பார். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதி பெரும்பாலும் நைட்ரஜன், அது எரியாது. 30 டிகிரியில் உள்ளே வந்து, அடுப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு 300 டிகிரியில் வெளியே போய்விடும். தேவைக்கு மேல் வரும் ஆக்சிஜனும் அப்படித்தான். சீட்டு வாங்காமல் ஏறி, இருக்கையைப் பிடித்துக்கொள்ளும் பயணிகள்.

கணக்கையும் போட்டுவிடுவோம். ஈரமில்லாத ஒரு கிலோ நார் முழுமையாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்றுத் தேவை. நடைமுறையில் நாரும் காற்றும் சரியாகக் கலக்காது என்பதால் பாதி மடங்கு கூடுதலாக, 9 கிலோ கொடுக்கலாம். அப்போது வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் 7 விழுக்காடு இருக்கும். பையன் காட்டிய 13 விழுக்காட்டுக்கு 15 கிலோவுக்கு மேல் காற்றுப் போயிருக்க வேண்டும். வீணாக வந்த அந்த 6 கிலோவை 30 டிகிரியிலிருந்து 280 டிகிரிக்கு ஏற்ற 1,500 கிலோஜூல் பிடிக்கும். ஒரு கிலோ உலர்ந்த நாரில் இருப்பதே சுமார் 19,000 கிலோஜூல். நூற்றுக்கு எட்டுப் பங்கு கூரைக்குப் போய்விட்டது. மணிக்கு 5 டன் உலர் எரிபொருளை எரிக்கும் கொதிகலன் என்றால் 400 கிலோ. இருபது மணி நேர ஓட்டத்தில் 8 டன். ஒவ்வொரு நாளும் ஒரு லாரி ஓடு புகைபோக்கி வழியாக, புகையே இல்லாமல் போகிறது. இன்று அந்த ஓட்டை வெளிநாட்டு மின் நிலையங்களுக்காகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இழப்பு அதோடு நிற்பதில்லை. காற்று மிகுந்தால் அடுப்பு குளிர்கிறது, ஆவியின் அழுத்தம் இறங்குகிறது. பையன் பதறிப்போய் இன்னும் ஓட்டைக் கொட்டுகிறான். இழுவை பலமாக இருப்பதால் பாதி எரிந்த நாரும் மேலே பறக்கிறது. என் காலத்தில் முதலில் முறையிட்டவர்கள் லயத்துப் பெண்கள். கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியில் மிளகு தூவியதுபோல் கரித்துகள் விழுந்துகிடக்கும். புகை இல்லையே என்று நான் வாதாடினேன். ஓர் அம்மா பள்ளிக்கூடச் சட்டையை என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார்.

காற்றுத் தடுப்பைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வாருங்கள். புகைபோக்கியில் மெல்லிய சாம்பல் நிறம் தலைகாட்டும் இடத்தில் நிறுத்தி, ஒரு சுண்டு திறந்துவிடுங்கள். நார் அதிகமாக வரும்போது ஓர் இடம், ஓடு அதிகமாக வரும்போது வேறோர் இடம். ஒருமுறை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் வேலை இல்லை இது. அடுப்புக் கதவை எட்டிப் பார்க்க வசதியாக லேசாகத் திறந்தே வைத்திருப்பவர்கள், தடுப்பை மூடுவதால் எந்தப் பயனும் அடையமாட்டார்கள். காற்று அந்த வழியாக வரும்.

இன்னொன்று. பிற்காலத்தில் நான் பணியாற்றிய ஓர் ஆலையில் ஆக்சிஜன் மானி 6.2 என்று காட்டியது. நல்ல எண். மறுநாளும் 6.2. பதிவேட்டைப் புரட்டினால் ஏழு மாதமாக 6.2. எழுதியவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள், பார்வையிட வந்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மானி செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஆவியைக் குறுக்கு வழியில் விடுவது

டர்பைன் பழுதானால் ஆவியை நேராக அழுத்தம் குறைக்கும் வால்வு வழியாக அவிக்கும் கலனுக்கு அனுப்பலாம். அவசரத்துக்காக வைத்த வழி அது. டர்பைன் சரியான பிறகும் இந்த வால்வைக் கால்வாசி திறந்தே வைத்திருப்பதுதான் புதியவர்களின் பழக்கம், அழுத்தம் ஆடாமல் இருக்கிறதாம். ஆடாமல்தான் இருக்கும். 20 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது கிடைக்க வேண்டிய மின்சாரம் வால்வின் வாயில் வெறும் சீறலாகப் போய்விடும். குறைந்த மின்சாரத்தை ஜெனரேட்டர் ஈடுகட்டும். 200 கிலோவாட் சுமையை ஒரு மணி நேரம் அதில் ஏற்றினால் 55 முதல் 60 லிட்டர் டீசல்.

மூன்று அவிக்கும் கலன்களையும் ஒரே நேரத்தில் திறப்பது

வேண்டாம்.

நார்க் குவியலை மழையில் விடுவது

பிழிந்து வரும் நாரில் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம். அதன்மேல் மழையும் பெய்தால், ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 2.5 மெகாஜூல் அடுப்பிலிருந்து எடுத்துக்கொடுக்க வேண்டும். நாம் விரும்பும் ஆவி குழாய்க்குள் இருக்கிறது, இந்த ஆவி வெளியே போகிறது. ஒரு தகரக் கூரைக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் இதற்குப் பார்ப்பதில்லை.

ஈரமாகக் குவிந்து கிடந்தால் உள்ளே தானாகவே சூடேறிப் புகையவும் செய்யும். இங்கிருந்து அதிக தூரமில்லாத பத்து ஆராங்கில் நிலக்கரி தோண்டியவர்களுக்கு இது தலைவலியாக இருந்தது. அந்தக் கரி காற்றுப் பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும் வகை. 1915இல் தொடங்கிய சுரங்கம், மலாயாவின் ரயில்களையும் மின் நிலையங்களையும் ஓட்டியது. டீசலும் எண்ணெயும் வந்ததும் 1960இல் மூடிவிட்டார்கள். நிலக்கரியின் காலம் முடிந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது இதே சிலாங்கூரின் காப்பார் மின் நிலையத்துக்குக் கப்பலில் நிலக்கரி வந்து இறங்குகிறது.

கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்புவது

"இன்று 900 கிலோவாட் பயன்படுத்தினோம்" என்று ஒரு பையன் பதிவேட்டில் எழுதியிருந்தான். கிலோவாட் என்பது குழாயில் தண்ணீர் விழும் வேகம். மீட்டரில் ஓடும் யூனிட், அதாவது கிலோவாட்-மணி, வாளியில் சேர்ந்த தண்ணீர். வாளியின் கணக்கைக் கேட்டால் குழாயைக் காட்டக் கூடாது.

வீட்டு ஏர்கோனை 16-ல் வைப்பது

அறை வேகமாகக் குளிராது. அணைக்க மறந்தவனுக்குப் பில் வேகமாக ஏறும்.

"பசுமை ஆலை" என்று அறிவித்துவிடுவது

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில்தான், 1917இல், ஹென்றி ஃபோகோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் வந்ததைப் பற்றி இங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை. பெயருக்கும் பொருளுக்கும் இடைவெளி இருப்பது எங்கள் ஊருக்குப் பழகிவிட்டது போலும்.

பயிற்சியின் கடைசி நாளில் பையன்கள் திரையில் காட்டிய முதல் வரி: "எங்கள் ஆலை கார்பன் வெளியிடாத ஆலை." காரணமும் சொன்னார்கள். நாரை எரித்தால் வரும் கரியமிலவாயு, பனை சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து எடுத்ததுதானே? அதுவரை சரி. பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்த கரியைத் தோண்டி எரிப்பதும் இதுவும் ஒன்றல்ல.

அவர்களை எழுப்பி, ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளங்களுக்கு அழைத்துப் போனேன். ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வருகிறது. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது மீத்தேன் எழுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. குளத்தை மூடி அதைப் பிடித்து எரித்தால் மின்சாரமே எடுக்கலாம். பல ஆலைகள் எடுக்கின்றன. இந்த ஆலையில் குளங்கள் திறந்து கிடந்தன.

கரையோரம் நின்றோம். பழுப்பு நிறத் தண்ணீரில் கைப்பிடி அளவு குமிழிகள் எழுந்து உடைந்துகொண்டிருந்தன. துடிப்பான பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "புகையே இல்லையே, அண்ணே" என்றான். பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.