வீட்டு மர மெஷின்: கிளாம்பை மறந்துவிட்டு அட்டாச்மென்ட் வாங்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் ஷாப்ஸ்மித் என்ற ஒரு பழைய அமெரிக்க மர மெஷின் நிற்கிறது. ஒரே மோட்டர், வட்ட வாள், கடைசல், ட்ரில், சாண்டிங் தட்டு எல்லாம் அதிலேயே ஓடும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலம் இப்படி ஒன்றைத் தருவித்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, இதுக்கு வேற என்ன பூட்டலாம்?" என்றுதான். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் நாலு நல்ல கிளாம்ப் வாங்குங்கள் என்பேன். இந்த மெஷினில் நான் பார்த்த காயங்களும் பாழான பலகைகளும் பெரும்பாலும் மரத்தைச் சரியாகப் பிடிக்காததால் வந்தவை.

ட்ரில் வேலையில் ஆபத்தே இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். பழைய கதவுநிலையில் மிஞ்சிய முதிரை மரத்துண்டு ஒன்றை இடக்கையால் அழுத்திக்கொண்டு 12 மில்லிமீற்றர் துளை போட்டேன். அலகு அடிப்பக்கத்தால் வெளியேறும் கணத்தில்தான் மரத்தைக் கவ்வும். துண்டு அலகோடு சேர்ந்து சுழன்று பெருவிரலில் அடித்தது. நகம் முளைக்க மாதங்கள் பிடித்தன. இப்போது அடியில் ஒரு கழிவுப் பலகை வைத்து, இரண்டையும் சேர்த்து மேசையோடு கிளாம்ப் போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. ட்ரில் வேலைக்காக மெஷினை நிமிர்த்தி நிறுத்தியிருக்கும்போது நீளமான பலகையென்றால் அதன் இடப்பக்க நுனி பின்னால் உள்ள தூணில் முட்டி நிற்கும்படி வையுங்கள். அலகு கவ்வினாலும் தூண் தடுத்துவிடும்.

வட்ட வாளில் ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குறுக்கே துண்டு போடும்போது, அளவு ஒரேமாதிரி வரட்டும் என்று மைட்டர் கேஜால் (பலகையைக் கோணம் மாறாமல் தள்ளும் வழிகாட்டி) தள்ளியபடி பலகையின் மறுநுனியை ஃபென்ஸில் (வாளுக்கு இணையாக நிற்கும் தடுப்பு) முட்ட வைக்கிறார்கள். வெட்டுப்பட்ட துண்டு வாளுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மாட்டி, கொஞ்சம் திரும்பியதும் வாளின் பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி உங்கள் பக்கமே எறியும். அளவுதான் வேண்டுமென்றால் ஃபென்ஸின் முன்பகுதியில், வாளுக்கு நன்றாக இப்பால், ஒரு சிறு கட்டையைக் கிளாம்ப் செய்து அதில் முட்டிப் பாருங்கள். வெட்டு தொடங்கும்போது பலகை கட்டையைக் கடந்திருக்கும். வெட்டிய துண்டுக்கு விலக இடமிருக்கும். நீளவாக்கில் அறுக்கும்போது பலகையை ஃபென்ஸோடு அணைத்துப் பிடிக்கும் சீப்புப் பலகையையும் (சீப்புப் பல்போல வெட்டிய பலகை) வாளுக்கு முன்னால்தான் பூட்ட வேண்டும். வாளுக்கு நேரே பூட்டினால் வெட்டுவாய் நெருங்கி வாளைக் கவ்வும்.

வாள் வாங்கும்போதும் கவனம் தேவை. ஷாப்ஸ்மித்தோடு வரும் பழைய ஆர்பருக்கு (வாளைப் பூட்டும் அச்சு) வாளில் 1¼ அங்குல ஓட்டை வேண்டும், அதாவது 31.75 மில்லிமீற்றர். ஐரோப்பிய அளவு வாள்களில் இருப்பது 30. கொஞ்சம்தானே என்று அரத்தால் ராவிப் பெருப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், ஓட்டை மையம் விலகினால் வாள் ஆடிக்கொண்டே சுழலும். 5/8 அங்குல ஓட்டையுள்ள வாள்களுக்கு வேறு ஆர்பர் தனியாக உண்டு.

அப்புறம் கடைசல். கிண்ணம் கடையும்போது ஃபேஸ்பிளேட்டை (கட்டையைக் கடைசலோடு பிடிக்கும் உலோகத் தட்டு) ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுத்த திருகாணிகளால் பூட்டாதீர்கள். அவை கடினமானவை, பக்கவாட்டு இழுவை வந்தால் வளையாமல் முறியும். தடித்த மரத் திருகாணி போடுங்கள். மரநார் குறுக்கே வெட்டுப்பட்ட முனையில் திருகாணி சரியாகப் பிடிக்காது. பலகையின் முகப்பில்தான் ஏற்ற வேண்டும்.

வேகத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வரவேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900. கட்டை சமமாக உருளும்வரை இதில் குறைந்த வேகமே போதும். ஆனால் டயல் காட்டும் வேகம் இங்கே அப்படியே வராது. இதன் அமெரிக்க மோட்டர் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. நம்முடைய 230 வோல்ட்டை டிரான்ஸ்ஃபோமர் குறைத்துத் தரும். 50 ஹேர்ட்ஸை அதனால் மாற்ற முடியாது, மோட்டரின் வேகமோ ஹேர்ட்ஸைப் பொறுத்தது. ஆகவே டயலில் 700 என்றால் உண்மையில் சுமார் 580 சுற்றுத்தான். மோட்டர் வழமையைவிடச் சூடாகும், இடைக்கிடை ஓய்வு கொடுங்கள்.

இந்த மெஷினில் வேகத்தை ஓடும்போதுதான் மாற்றலாம். அதனால் வேலை முடிந்ததும் மெதுவான வேகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மறந்தால் பள்ளம் வெட்டும் ரவுட்டர் அலகுக்கு வைத்த அதிவேகத்திலேயே அடுத்த நாள் கிண்ணம் சுழலத் தொடங்கும். சாரமும் கையுறையும் இதன் பக்கத்திலேயே வேண்டாம்.

கடல்காற்று நம் ஊரில் இரும்பைச் சும்மா விடாது. மாரி தொடங்குமுன் மேசை நகரும் இரும்புக் குழாய்களைத் துடைத்து மெழுகு தேயுங்கள். தேங்காய் எண்ணெய் பூசினால் மரத்தூள் அப்பி, கிளாம்ப் பிடிக்கவேண்டிய இடத்திலேயே மேசை வழுக்கும்.